'நானும் ஒரு விவசாயிதான்' என்று ஓட்டுக் கேட்டு வருவோரே! ஓமந்தூராரைத் தெரியுமா?



நம்ம ஊரில் ஒருத்தருக்கு நெஞ்சில் அடைப்பு, மூளையில் கட்டி என்று பெரிய வியாதி வந்துவிட்டால் என்ன செய்கிறோம்? "மெட்ராசுக்குப் போங்க, ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்கிறார்கள். ஆட்டை வித்து, தோட்டை அடகு வைத்து பஸ் ஏறுகிறோம். சென்னையில் இறங்கி ஆட்டோக்காரரிடம் அந்தப் பேரைச் சொன்னால் போதும், வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். 2010-ல் சட்டமன்றமாகத் திறந்து, 2014-ல் ஆஸ்பத்திரியாக மாற்றிய பெரிய கட்டிடம் அது. அது நிற்கிற இடத்துக்குப் பேர் ஓமந்தூரார் அரசினர் தோட்டம்.

சரி, யாரு இந்த ஓமந்தூரார்? நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க. பெரிய டாக்டர் என்பான் ஒருத்தன். ஆஸ்பத்திரி கட்ட இடம் கொடுத்த பணக்காரர் என்பான் இன்னொருத்தன். இரண்டும் தப்பு.

அவர் ஒரு விவசாயி. திண்டிவனத்துப் பக்கம் ஓமந்தூர் கிராமத்துக்காரர். ராமசாமி ரெட்டியார் என்பது பேர். நாடு சுதந்திரம் அடைந்த அன்றைக்கு இந்தச் சென்னை மாகாணத்தை ஆண்டுகொண்டிருந்தவர் அவர்தான். விவசாயி நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும், உட்கார்ந்தவரை யார் இறக்குவார்கள், ஏன் இறக்குவார்கள் என்பதற்கு அவர் வாழ்க்கையே நமக்குப் பாடம்.

இந்தப் பாடத்தை இப்போது எதற்குச் சொல்கிறோம்? தேர்தல் வந்தால் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு, வயலில் இறங்கி நாலு முடி நாற்று நட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு "நானும் ஒரு விவசாயிதான்" என்று வருகிறார்களே, அவர்களை உரசிப் பார்க்க நமக்கு ஒரு உரைகல் வேண்டும். அதுதான் ஓமந்தூரார்.

கிராமத்திலிருந்து கோட்டைக்கு

1895 பிப்ரவரி 1-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் படித்தார். பெரிய பட்டம் எதுவும் வாங்கவில்லை. காந்தி கூப்பிட்டபோது காங்கிரசில் சேர்ந்தார். தென்னாற்காடு ஜில்லா முழுக்கக் கட்சியை வளர்த்தார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். இங்கிலீஷ் பேசுகிற வக்கீல்மார்களும் பெரிய பண்ணைகளும் நிறைந்திருந்த கட்சியில், கிராமத்து மண் ஒட்டிய வேட்டியோடு நின்ற மனுஷர்.

1947 மார்ச் 23-ல் மாகாணத்தின் பிரதமரானார். அப்போது முதலமைச்சர் என்ற பேர் கிடையாது, மாகாணப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டுமில்லை. ஆந்திரக் கடலோர ஜில்லாக்கள், மலபார், மங்களூர் வரைக்கும் அவர் ஆட்சிதான்.

எத்தனை நாள் ஆண்டார்? இரண்டு வருஷமும் இரண்டு வாரமும்தான். 1949 ஏப்ரல் 6-ல் இறங்கிவிட்டார். அந்தக் கொஞ்ச காலத்தில் நமக்கு என்ன செய்தார் என்று கணக்குப் பாருங்க.

வரப்புக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஜமீன் ஊர்களில் தாத்தா, பாட்டி உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்க. வெள்ளைக்காரன் கும்பினி 1802-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தான். ஜமீன்தார் கும்பினிக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் பணம் நிரந்தரமாக ஒரே தொகை. அது ஏறாது. ஆனால் குடியானவன் ஜமீனுக்குக் கட்டுகிற தீர்வையும் வாரமும் அப்படி நிற்குமா? மேலே கட்டுவது அப்படியே நிற்க, கீழே வாங்குவது ஏறிக்கொண்டே போனது. நடுவில் மிஞ்சுவதெல்லாம் ஜமீனுக்கு. அதற்கு மேல் கல்யாணத்துக்கு ஒரு வசூல், கருமாதிக்கு ஒரு வசூல், கூலி இல்லாமல் வெட்டி வேலை.

வரப்புக்கு இந்தப் பக்கம் ஜமீன் கிராமம், அந்தப் பக்கம் சர்க்கார் கிராமம். மண்ணும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். இருந்தாலும் ஜமீன் குடியானவன் கட்டுகிற தீர்வை அதிகம்.

ஓமந்தூரார் ஆட்சி 1947-லேயே முதல் சட்டத்தைப் போட்டது. ஜமீன் கிராமத்துத் தீர்வையைப் பக்கத்துச் சர்க்கார் கிராமத்து அளவுக்கு இறக்கு என்றது அந்தச் சட்டம். மறு வருஷம் இரண்டாவது சட்டம். 1948-ஆம் வருஷத்து 26-ஆம் சட்டம். ஜமீனையே ஒழித்தது. நூற்று நாற்பத்தாறு வருஷமாகக் குடியானவன் முதுகில் உட்கார்ந்திருந்ததை ஒரே சட்டம் இறக்கி வைத்தது. ஜமீன் ஊர்க்காரர்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிற பழைய செட்டில்மெண்ட் காகிதத்தை எடுத்துப் பாருங்க, 26/1948 என்ற நம்பர் அதில் இருக்கலாம். அதுதான் ஓமந்தூரார் நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போன உயில்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தச் சட்டம் பட்டாவோடு நிற்கவில்லை. ஜமீன் கையில் இருந்த ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, காடு எல்லாவற்றையும் சர்க்கார் பொறுப்புக்குக் கொண்டுவந்தது. ஏரித் தண்ணீர் ராஜாவுக்குச் சொந்தம் என்பது போய், ஊருக்குப் பொது என்று ஆனது. இதை மனசில் வையுங்க, பின்னால் இதுக்கு வருகிறோம்.

அதே ஆட்சியில்தான் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைய 1947-ல் மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. பெண்களைப் பொட்டுக் கட்டி விடுகிற கொடுமைக்குத் தடை வந்ததும் 1947-ல்தான். 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது.

யார் இறக்கினார்கள்? ஏன் இறக்கினார்கள்?

இப்படிப்பட்டவரை இரண்டே வருஷத்தில் ஏன் இறக்கினார்கள்? எதிர்க்கட்சியா இறக்கியது? மக்கள் ஓட்டுப் போட்டா இறக்கினார்கள்? இரண்டும் இல்லை. சொந்தக் கட்சிக்காரர்களே இறக்கினார்கள்.

அது எல்லாவற்றுக்கும் கண்ட்ரோல் இருந்த காலம். அரிசிக்குப் பர்மிட், துணிக்குப் பர்மிட், சாமான் ஏற்றி இறக்கப் பர்மிட். பர்மிட் இருந்தால் பணம். சட்டமன்ற உறுப்பினர்கள் சிபாரிசோடு வந்தார்கள். நம்மாளுக்கு லைசென்ஸ், நம்ம சொந்தக்காரருக்கு உத்தியோகம், நமக்கு ஆகாத அதிகாரிக்கு மாற்றல். ஓமந்தூராரிடம் இது எதுவும் செல்லவில்லை. கட்சிக்காரன் நிர்வாகத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பதில் கல்லாக நின்றார். கோயில், மடத்துச் சொத்துகளை ஒழுங்குக்குக் கொண்டுவரவும் கை வைத்தார். ஜமீன்தார்கள் ஒரு பக்கம் பகை, மடாதிபதிகள் ஒரு பக்கம் பகை, சிபாரிசு கிடைக்காத சொந்தக் கட்சிக்காரர்கள் இன்னொரு பக்கம் பகை. கட்சிக்குள் அவருக்கு இருந்த ஆதரவு கரைந்தது. விலகிவிட்டார். குமாரசாமி ராஜா வந்தார்.

இறங்கினவர் தனிக்கட்சி கட்டவில்லை. மகனுக்கு சீட் கேட்டு அலையவில்லை. ரமணரிடமும் வள்ளலாரிடமும் பக்தி கொண்டவர், வடலூருக்குப் போய் ஏழைப் பிள்ளைகளுக்கான சேவையில் உட்கார்ந்துவிட்டார். 1970 ஆகஸ்ட் 25-ல் கண்ணை மூடினார்.

இப்போது நம்மைப் பார்த்தே ஒரு கேள்வி கேட்போம். ஜமீனை ஒழித்தவரை இறக்கினபோது, ஜமீனிலிருந்து விடுபட்ட லட்சக்கணக்கான குடியானவர்கள் எங்கே போனார்கள்? ஒரு ஊர்வலம் போனோமா? கோட்டைக்கு முன்னால் போய் நின்றோமா? இல்லை. பட்டா வந்ததா, சரி என்று வயலுக்குத் திரும்பிவிட்டோம். அவருக்குப் பின்னால் கட்சி இருந்தது. அந்தக் கட்சியைத் தட்டிக் கேட்கிற அளவுக்கு உழவர் சங்கம் இல்லை.

குறையையும் மறைக்க மாட்டோம்

அவரைச் சாமியாக்கி மாலை போடுவதற்கு இந்தத் துண்டறிக்கை எழுதவில்லை. குறையையும் சொல்வோம். ஜமீன்தாருக்கு நஷ்டஈடு கொடுத்துத்தான் ஜமீனை ஒழித்தார்கள். ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலம் அவர் பேரிலேயே நின்றது. பட்டா இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட குத்தகைக்காரனுக்கும் பண்ணையாளுக்கும் அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆனது. நில உச்சவரம்பு வர 1961 ஆனது. அது மட்டுமா? 1948-ல் கீழத்தஞ்சையில் குத்தகைக்காரர்களும் பண்ணையாட்களும் சேர்ந்த செங்கொடிச் சங்கத்தின் மேல் போலீஸ் பாய்ந்ததும் இதே ஆட்சியில்தான்.

ஏன் அப்படி ஆனது? நாற்காலியில் விவசாயி உட்கார்ந்திருந்தாலும், அவர் கீழே இருக்கிற கச்சேரியும் போலீசும் பழைய கச்சேரி, பழைய போலீஸ்தான். நல்லவர் ஒருத்தர் மேலே இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று நாம் சும்மா இருந்தால் பாதி வேலைதான் நடக்கும். மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

இன்றைக்கு வருகிற 'விவசாயி'கள்

இந்த உரைகல்லில் இப்போது நம்ம காலத்து ஆட்களை உரசிப் பாருங்க. வேட்பு மனுவில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. அவ்வளவு பேர் விவசாயிகள் என்றால் நம் பாடு ஏன் இப்படி இருக்கிறது?

தன்னை விவசாயி என்று மேடைக்கு மேடை சொன்ன முதல்வர் ஒருவரைப் பார்த்தோம். 2020-ல் மத்திய அரசு மூன்று வேளாண் சட்டங்களைக் கொண்டுவந்தபோது அவர் அவற்றை ஆதரித்துப் பேசினார். அந்தச் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் ஒரு வருஷம் கிடந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் வாபஸ் ஆயின. வாபஸ் வாங்க வைத்தது ரோட்டில் கிடந்த விவசாயி.

ஆட்சி மாறியது. காட்சி மாறியதா? 2023 ஏப்ரலில் சட்டமன்றக் கூட்டத்தின் கடைசி நாளில், விவாதமே இல்லாமல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால், நடுவில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும் நிலத்தோடு சேர்த்துக் கொடுக்க வழி செய்கிற சட்டம். மனசில் வையுங்க என்று முன்னால் சொன்னோமே, அது இதுதான். ஓமந்தூரார் சட்டம் ஏரியை ராஜா கையிலிருந்து வாங்கி ஊருக்குப் பொதுவாக்கியது. எழுபத்தைந்து வருஷம் கழித்து வந்த சட்டம் அதே ஏரியைக் கம்பெனிக்குக் கைமாற்ற வழி திறந்தது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அதே 2023-ல் செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட்டுக்கு விளைநிலத்தைத் தர மாட்டோம் என்று போராடினார்கள். நவம்பரில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. நிலத்தை விட மாட்டேன் என்பவன் குண்டனா? தமிழ்நாடே கொதித்த பிறகுதான் அந்தச் சட்டத்தை விலக்கினார்கள்.

இது ஒரு கட்சியைத் திட்டி இன்னொரு கட்சிக்கு ஆள் பிடிக்கிற பேச்சு கிடையாது. இரண்டு பக்கத்தையும் சொல்லியிருக்கிறோம். தோளில் கிடக்கிற துண்டின் நிறத்தைப் பார்க்காதீங்க. அவர் கை தூக்கின சட்டம் எது என்று பாருங்க.

நாற்காலியே ஏறாத இன்னொரு விவசாயி

ஓமந்தூரார் மறைந்த அதே 1970-ல் கொங்கு நாட்டில் இன்னொரு விவசாயி கிளம்பினார். கோவை வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு. நம் எல்லோருக்கும் தெரிந்த பேர்.

பம்புசெட் கரண்டுக்கு யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் கட்டணத்தைக் கூட்டினார்கள். பைசாதானே என்று அவர் விடவில்லை. 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோயமுத்தூர் வீதிகளை நிறைத்தார்கள். அதே வருஷம் ஜூலை 5-ல் பல ஊர்களில் துப்பாக்கி வெடித்து 15 பேர் உயிர் விட்டார்கள். அதனால்தான் ஜூலை 5 நமக்குத் தியாகிகள் நாள்.

1982-ல் அவர் உழவர்களுக்கென்று கட்சியும் ஆரம்பித்தார். கூட்டத்துக்கு லட்சம் பேர் வந்தோம். கூட்டத்தில் விவசாயியாகக் கை தட்டினோம். ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் சாதிக்காரனாகவும் கட்சிக்காரனாகவும் நின்றோம். கட்சி எழவில்லை. 1984 டிசம்பர் 21-ல், தேர்தலுக்காகச் சுற்றி வந்த இடத்தில், கோவில்பட்டியில் அவர் உயிர் போனது.

நாயுடு நாற்காலி ஏறவே இல்லை. ஆனாலும் அவர் கட்டின சங்கத்துக்குப் பயந்து 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. பிறகு 1989-ல் அமைந்த ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. 2003-ல் அதைப் பிடுங்கிக் கட்டணம் போட்டார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி 39 தொகுதியிலும் தோற்றது. உடனே இலவச மின்சாரம் திரும்பி வந்தது. யாரும் போய்க் காலில் விழவில்லை. ஓட்டு பேசியது.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நாற்காலி இருந்தும் சங்கம் இல்லாதவர் இரண்டு வருஷத்தில் இறக்கப்பட்டார். நாற்காலி இல்லாவிட்டாலும் சங்கம் இருந்தவர் கேட்டது அவர் காலத்துக்குப் பிறகும் கிடைத்தது.

சிபாரிசா? சட்டமா?

கசப்பான ஒரு உண்மையைச் சொல்லி முடிக்கிறோம். கோபப்படாமல் படியுங்க.

ஓமந்தூராரைக் கவிழ்த்தது சிபாரிசு. அந்தச் சிபாரிசை இன்றைக்கும் கேட்டுக்கொண்டு நிற்பது யாரு? நாமதான்! எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தால் என்ன கேட்கிறோம்? பையனுக்கு ஒரு வேலை, மச்சானுக்கு ஒரு மாற்றல், கோயில் திருவிழாவுக்கு ஒரு நன்கொடை, கல்யாணத்துக்கு ஒரு மொய். பாழாய்க் கிடக்கிற மதகைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்? நெல்லை ரோட்டில் கொட்டிக் காத்துக் கிடக்கிறோமே, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்களே, அதைச் சபையில் எழுந்து பேசு என்று எத்தனை பேர் சொன்னோம்? நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்கு உங்க கட்சி ஏன் கை தூக்கியது என்று எந்த ஊரில் கேட்டோம்?

தனித்தனியாகப் போய்ச் சிபாரிசு கேட்டால் நமக்குக் கிடைப்பவன் தரகன். ஒன்றாகப் போய்ச் சட்டம் கேட்டால்தான் தலைவன் கிடைப்பான். சிபாரிசு ஒரு வீட்டுக்கு வரும், அடுத்த வீட்டைப் பகையாக்கும். ஓமந்தூரார் சட்டம் எல்லா ஜமீன் ஊருக்கும் வந்தது. நாயுடு கேட்ட பைசா எல்லா மோட்டாருக்கும் வந்தது.

ஆகவே, ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், ஊர்ப் பொதுவில் உட்கார வைத்து இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

1. விளைநிலத்தையும் ஏரி குளத்தையும் கம்பெனிக்குக் கொடுக்கிற சட்டத்தை எதிர்த்துச் சபையில் பேசுவீர்களா? கட்சி கொறடா சொன்னாலும் கை தூக்காமல் இருப்பீர்களா?

2. விளைபொருளுக்கு ஆதார விலையைச் சட்டமாக்க உங்கள் கட்சி என்ன செய்தது, என்ன செய்யும்?

3. இலவச மின்சாரத்துக்குக் குறுக்கே எந்த வழியாக எது வந்தாலும் எங்களோடு ரோட்டில் நிற்பீர்களா?

4. குத்தகைக்குப் பயிர் செய்கிறவருக்கும் கடன், இன்சூரன்ஸ், நிவாரணம் அவர் பேரிலேயே கிடைக்க வழி செய்வீர்களா?

வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கையெழுத்துப் போட்டு ஊர்ச் சாவடியில் ஒட்டச் சொல்லுங்க. ஐந்து வருஷம் கழித்து அதே காகிதத்தைக் காட்டிக் கணக்குக் கேட்போம்.

ஊருக்கு ஊர் சங்கக் கிளை வேண்டும். அதில் பட்டாக்காரரும் இருக்க வேண்டும், குத்தகைக்காரரும் இருக்க வேண்டும், கூலி வேலை செய்பவரும் இருக்க வேண்டும், பெண்களும் இருக்க வேண்டும். 1948-ல் விட்டுப்போன பாதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்த முறை ஓமந்தூரார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது, கூட வருகிற பிள்ளைக்கு அந்தப் பேர் யாருடையது என்று சொல்லிக் கொடுங்க. அவரை யார் இறக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.

சிபாரிசு கேட்க மாட்டோம்! சட்டம் கேட்போம்!
பச்சைத் துண்டுக்கு மயங்க மாட்டோம்! போட்ட ஓட்டுக்குக் கணக்குக் கேட்போம்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கம்
(படித்துவிட்டுக் கீழே போடாமல் பக்கத்து வயல்காரரிடம் கொடுங்கள்)